தேஞ்ச டயர தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ படிங்க

கேள்வி: அண்ணா, என்கிட்ட டீசல் டபுள் கேப் பிக்கப் இருக்கு, ஃபோர் பை ஃபோர். வண்டியோட வந்த 265/65 ஆர் 17 ஹைவே டயர் 70,000 கிலோமீட்டர் ஓடுச்சு. அடுத்து ஆசைப்பட்டு 265/70 ஆர் 17 எல்.டி. (லைட் டிரக், அதிக வெயிட் தாங்கற வகை) ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் ரோடு ரெண்டுக்குமான டயர்) போட்டேன், வெள்ளை எழுத்து வெளிய தெரியற மாதிரி. முன்பக்கம் ஸ்பேசர் வச்சு ரெண்டு இன்ச் தூக்கவும் செஞ்சேன். இப்போ மீட்டர்ல 28,000 தான் ஓடியிருக்கு. புதுசுல 13 மி.மீ. உயரம் இருந்த பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டை) பின் டயர்ல நடுவுல 5, ரெண்டு ஓரத்துலயும் 8. முன் டயர்ல உள்பக்க ஓரம் 6, மத்த இடம் 9. டயர்ல காத்து 80 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) வரைக்கும் அடிக்கலாம்னு போட்டிருக்குன்னு கடையில நாலுக்கும் 50 வைக்கறாங்க. வாரத்துல ஒரு நாள்தான் லோடு, மத்த நாள் காலியாத்தான் ஓடுது. ரொட்டேஷன் (டயருங்கள இடம் மாத்தி மாட்டறது) பண்ணதே இல்ல. மழைன்னா ஃபோர் வீல் போட்டுடுவேன். டயர் மட்டமானதா? எந்த டயர் வாங்கினா 80,000 வரும்? நைட்ரஜன் அடிச்சா ஆயுசு கூடுமா? இப்போதைக்கு பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

பதில்: தம்பி, முதல்ல ஒரு விஷயத்துக்கு உங்கள பாராட்டணும், டயர் சீக்கிரம் தேயுதுன்னு ஒத்த வரியில கேக்கறவங்கதான் அதிகம், நீங்க கேஜ் வச்சு அளந்து நடு எவ்ளோ ஓரம் எவ்ளோன்னு எழுதியிருக்கீங்க, அதுலயே உங்க கேள்விக்கு பாதி பதில் இருக்கு. டயர் மட்டமானது இல்ல. மட்டமான ரப்பரா இருந்தா எல்லா இடமும் சேந்து ஒரே மாதிரி கரையும். உங்களுது பின்னாடி ஒரு மாதிரியும் முன்னாடி வேற மாதிரியும் தேஞ்சிருக்கு, அப்போ ரெண்டு தனித்தனி வியாதி, ரெண்டுக்கும் டயர் காரணம் இல்ல. இத சரி பண்ணாம எவ்ளோ ஒசத்தியான டயர் வாங்கி மாட்டினாலும் அதுவும் இதே கதிக்குத்தான் வரும்.

முதல்ல ஒரு சின்ன ஆறுதல். நீங்க போட்டது பழைய டயர விட உயரம். 265/65 ஆர் 17 குறுக்களவு சுமார் 776 மி.மீ., 265/70 ஆர் 17 சுமார் 803 மி.மீ., அதாவது ஒரு சுத்துக்கு 3.4 சதவீதம் கூடுதல் தூரம் போகுது, ஆனா மீட்டருக்கு அது தெரியாது. அதனால மீட்டர் 28,000 காட்டினா வண்டி நெசமா கிட்டத்தட்ட 29,000 ஓடியிருக்கு. ஸ்பீடும் அதே கணக்குதான், முள்ளு 100 காட்டுறப்போ நீங்க முன்னாடி இருந்தத விட கொஞ்சம் வேகமாத்தான் போறீங்க, அத ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ பின் டயர். நடு 5, ஓரம் 8. இது காத்து அதிகம்னு டயரே எழுதிக் குடுத்த வாக்குமூலம். காத்து ஏற ஏற டயர் நடுவுல உப்பி, ரோட்டுல பதியற இடம் குறுகிடும், இருக்கற வெயிட்டு அவ்ளோவும் நடு பட்டன்லயே நிக்கும், அது தேயும், ஓரம் சும்மா கூட வரும். காத்து கம்மின்னா தலைகீழ், ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நிக்கும். உங்க கடைக்காரர் பண்ண தப்பு ரொம்ப பேர் பண்றதுதான், டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கற 80 பி.எஸ்.ஐ.ங்கறது அந்த டயர் தாங்கக்கூடிய முழு வெயிட்ட தூக்கறப்போ வேண்டிய காத்து, உங்க வண்டிக்கு வேண்டிய காத்து இல்ல. 

கணக்கா பாப்போம். அந்த சைஸ் எல்.டி. டயர்ல வெயிட் இண்டெக்ஸ் 121னு இருந்தா ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும், அதுவும் முழு காத்துல. உங்க மாதிரி டபுள் கேப் காலியா நிக்கறப்போ மொத்தம் சுமார் 2,000 கிலோன்னு வச்சுக்கோங்க, இஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாடி இருக்கறதால பின் ஆக்சில்ல 800 கிலோ சொச்சம்தான் விழும். ஒரு டயருக்கு 400. ஆயிரத்து நானூத்தி சொச்சம் கிலோ தூக்கப் பொறந்தவன் தலையில நானூறு கிலோவ வச்சு 50 காத்தையும் அடிச்சா அவன் பந்து மாதிரி குதிச்சுக்கிட்டுத்தான் போவான். காலி பிக்கப்போட பின்பக்கம் பள்ளத்துல துள்றதுக்கும், ஈரத்துல கிளம்பறப்போ சக்கரம் சுத்தறதுக்கும் இதுவும் ஒரு காரணம். துள்ளி இறங்குற ஒவ்வொரு தடவையும் ரப்பர் கொஞ்சம் உரசிட்டுத்தான் இறங்கும்.

அப்போ எவ்ளோ வைக்கறது? டிரைவர் கதவ திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், நெறைய பிக்கப்ல அதுல ரெண்டு வரி இருக்கும், காலிக்கு ஒண்ணு, முழு லோடுக்கு ஒண்ணு. கம்பெனி டயரே போட்டிருந்தா கண்ண மூடிட்டு அத வைங்கன்னு சொல்லிட்டு போயிடுவேன். ஆனா நீங்க சாதா டயர்ல இருந்து எல்.டி.க்கு மாறியிருக்கீங்க, எல்.டி. டயர் கெட்டியா இருந்தாலும் அதே வெயிட்ட தூக்க சாதா டயர விட கொஞ்சம் கூடுதல் காத்து கேக்கும். ஒவ்வொரு டயர் கம்பெனியும் எந்த காத்துல எத்தன கிலோ தாங்கும்னு ஒரு அட்டவணை வச்சிருக்கும், டீலர்கிட்ட கேட்டு வாங்குங்க. அப்புறம் ஒரு எடை மேடைக்கு போய் காலி வண்டிய முன் ஆக்சில் தனியா பின் ஆக்சில் தனியா ஏத்தி எடை போடுங்க, லோடு ஏத்தின நாள்ல இன்னொரு தடவ. ஆக்சில் எடைய ரெண்டா வகுத்து அட்டவணையில பாத்தா உங்க நம்பர் வந்துடும், அதுக்கு மேல ஒரு நாலஞ்சு பி.எஸ்.ஐ. சேத்து வச்சுக்கோங்க, வண்டியில யார் ஏறுவாங்க எத போட்டு வப்பாங்கன்னு தெரியாதுல்ல.

அட்டவணை கைக்கு வர்ற வரைக்கும் காலி வண்டிக்கு முன்னாடி 38-40, பின்னாடி 36ல ஆரம்பிங்கன்னு நான் சொல்லுவேன், ஆனா எந்த காரணத்துக்கும் ஸ்டிக்கர் நம்பருக்கு கீழ போகாதீங்க. அப்புறம் சாக்பீஸ் எடுத்து பட்டன் மேல குறுக்கால ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் பட்டையா ஒரு கோடு, சமமான தார் ரோடுல நேரா ஒரு ஐம்பது அறுபது மீட்டர் ஓட்டிட்டு இறங்கி பாருங்க. நடு மட்டும் அழிஞ்சிருந்தா காத்து அதிகம், ஓரம் மட்டும் அழிஞ்சிருந்தா கம்மி, முழுக்க அழிஞ்சிருந்தா சரி. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

இங்க ஒரு எச்சரிக்கை, இத தாண்டி போயிடாதீங்க. காலிக்கு குறைச்சு வச்ச காத்தோட லோடு ஏத்திட்டு ஹைவேல ஓட்டினா அது பட்டன் தேயற பிரச்சனையோட நிக்காது. காத்து பத்தாத டயர்ல பக்கவாட்டு மடிஞ்சு மடிஞ்சு நிமிரும், அதுல சூடு ஏறும், சூடு ஏறினா உள்ள இருக்கற கம்பி அடுக்கு பிரிஞ்சு ஓட்டத்துலயே டயர் கிழியும். அதனால லோடு நாள் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பின் டயர ஏத்திக்கோங்க, உங்க வெயிட்டுக்கு 50 பக்கம் வரலாம், இறக்கிட்டு வந்து மறுநாள் காலையில குறைங்க. வாரத்துக்கு ஒரு நாள்தானே, ஒரு சின்ன பேட்டரி பம்பும் நல்ல கேஜும் வண்டியிலயே கிடக்கட்டும். இந்த வேல எல்லாம் ஆகாது அண்ணான்னு சொன்னீங்கன்னா, சரி, அப்போ லோடு காத்தையே வச்சுக்கிட்டு நடு தேயறத ஏத்துக்கோங்க. டயர் தேஞ்சா பணம் போகும், வெடிச்சா போறது வேற.

காத்து பாக்கறது எப்பவும் குளிர்ந்த டயர்ல, வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னிருக்கணும். ஓடி வந்த டயர்ல நாலஞ்சு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அத பாத்துட்டு அதிகமா இருக்கேன்னு இறக்கி விட்டா காலையில பத்தாம போயிடும். வெளிய 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தா ஒண்ணரைல இருந்து ரெண்டு பி.எஸ்.ஐ. இறங்கும், அது போக நல்ல டயரே மாசத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. பக்கம் இழக்கும், அதனால மாசம் ஒரு தடவ பாக்கறது கட்டாயம். நைட்ரஜன் கேட்டீங்க. நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் கொஞ்சம் மெதுவா கசியும், அவ்ளோதான் லாபம், மாசாமாசம் கேஜ் வைக்கறவருக்கு அது தேவையே இல்ல, நைட்ரஜன் அடிச்சாச்சுன்னு ஆறு மாசம் பாக்காம விடறவருக்கு அது ஒதவவும் ஒதவாது.

இப்போ முன் டயர். உள்பக்க ஓரம் மட்டும் 6, மத்தது 9. ரெண்டு இன்ச் தூக்கினேன்னு எழுதினீங்க, தூக்கினதுக்கு அப்புறம் அலைன்மெண்ட் பண்ணேன்னு எழுதல. எழுதாததுதான் பதில்னு நினைக்கறேன். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் இருக்கற வண்டிய தூக்கினா கண்ட்ரோல் ஆர்ம், டை ராடு எல்லாத்தோட கோணமும் மாறும், அதோட சேந்து சக்கரம் நிக்கற கோணமும் மாறும். சக்கரம் ரெண்டும் முன்னாடி லேசா விரிஞ்சோ சேந்தோ நிக்கறது டோ, மேல்பக்கம் உள்ளயோ வெளியயோ சாஞ்சு நிக்கறது கேம்பர். ரெண்டுல பட்டன தின்னுற அரக்கன் டோதான். ஒரு சக்கரம் கால் டிகிரி, வெறும் கால் டிகிரி, தப்பா நின்னா கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மீட்டருக்கு மேல அது பக்கவாட்டுல இழுபட்டுக்கிட்டே போகுது. 29,000 கிலோமீட்டருக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க, நூறு கிலோமீட்டருக்கு மேல வரும். அவ்ளோ தூரம் டயர தார் ரோட்டுல குறுக்கால தேச்சா என்ன மிஞ்சும்.

டோவா கேம்பரான்னு கையாலயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டிய நிறுத்திட்டு முன் டயர் பட்டன் மேல உள்ளங்கைய வச்சு உள்பக்கம் இருந்து வெளிய தடவுங்க, அப்புறம் வெளிய இருந்து உள்ள. ஒரு பக்கம் தடவுறப்போ வழவழன்னும், எதிர் பக்கம் தடவுறப்போ ரம்பப் பல்லு மாதிரி குத்தவும் செஞ்சா அது டோ. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பா இருந்து ஓரம் மட்டும் சரிஞ்சு தேஞ்சிருந்தா கேம்பர். கை வைக்கறப்போ பாத்து வைங்க, தேஞ்ச டயர்ல கம்பி நீட்டிட்டு இருந்தா கிழிச்சுடும்.

அலைன்மெண்ட் மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஜாக்கி போட்டு சக்கரத்த மேல கீழ, சைடுல ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், பேரிங், ஆர்ம் புஷ் இதுல எங்கயாவது ஆட்டம் இருந்தா அத மாத்தாம அலைன்மெண்ட் பண்றது தண்டம், மெஷின்ல சரியா நிக்கும், கடை கேட்ட தாண்டி முதல் பள்ளத்துல எறங்கினா மறுபடி விலகிடும். தூக்கின வண்டியில சில சமயம் கேம்பர் அட்ஜஸ்ட்மெண்ட் முழுசா திருகினாலும் அளவுக்குள்ள வராது. அப்போ மேல் ஆர்ம் மாத்தணும், இல்லன்னா தூக்கினத பாதி இறக்கணும். அரைகுறையா மெஷின் திரையில பச்சை கோட்ட தொட்டுட்டா போதும்னு விட்டுடாதீங்க, முன்ன எவ்ளோ இருந்துச்சு இப்போ எவ்ளோன்னு பிரிண்ட் கேட்டு வாங்கி வைங்க. வண்டியில எப்பவும் கிடக்கற டூல் பாக்ஸ் வெயிட்டோடயே ஏத்துங்க, நீங்க ஓட்டுற நெலமையில பண்றதுதான் சரி.

பின்னாடி ஒரே தண்டு ஆக்சில், அங்க திருகறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா மெஷின் அதையும் அளக்கும். பட்டை ஸ்பிரிங்க ஆக்சிலோட கட்டற யூ போல்ட் தளர்ந்தோ நடு போல்ட் ஒடிஞ்சோ இருந்தா ஆக்சில் லேசா நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும், நாலு டயரும் தேயும். உங்களுக்கு பின்னாடி ரெண்டு ஓரமும் சமமா 8 இருக்கறதால அந்த சந்தேகம் எனக்கு இல்ல.

ஷாக் அப்சார்பர் ஓய்ஞ்சா பட்டன்ல மேடும் பள்ளமுமா குழி குழியா தேயும், வண்டி 60-70ல ஹூன்னு சத்தம் போடும். பேலன்சிங் போனாலும் இதே மாதிரி வரும். உங்களுக்கு அப்படி இல்லன்னு நினைக்கறேன்.

ரொட்டேஷன் ஒரு தடவ கூட பண்ணலன்னு சர்வ சாதாரணமா எழுதிட்டீங்க. பிக்கப்ல முன் டயரும் பின் டயரும் ரெண்டு வேற வேற உத்தியோகம் பாக்குது. முன்னாடி இஞ்சின் வெயிட்டு, திருப்பறது, பிரேக்கோட பெரும்பங்கு. பின்னாடி இழுக்கற வேல, ஒரு நாள் லோடு, மத்த நாள் துள்ளல். ஒருத்தனையே ஒரே வேலையில வச்சா அவன் ஒரே இடத்துலதான் தேய்வான். 8,000ல இருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தணும், ஆல் டெரெய்ன்னா நான் 8,000க்கே சொல்லுவேன். புது டயர் போட்டா முதல் ரொட்டேஷன் 5,000லயே பண்ணிடுங்க, ஏன்னா புதுசுல பட்டன் உயரமா இருக்கும், உயரமான பட்டன் ரோட்டுல நெளியும், நெளிஞ்சு உரசித்தான் தேயும், அந்த முதல் கட்டத்துல கோணலா தேய ஆரம்பிச்சிட்டா பின்னாடி அத நேராக்கறது பெரும்பாடு.

எப்படி மாத்தறது? பின் சக்கரம் இழுக்கற வண்டிக்கும் உங்க மாதிரி ஃபோர் பை ஃபோருக்கும் பின் டயர் ரெண்டும் நேரா முன்னாடி வரணும், முன் டயர் ரெண்டும் குறுக்கால மாறி, இடது வலதாவும் வலது இடதாவும் பின்னாடி போகணும். குறுக்கால போறப்போ டயர் சுத்தற திசை மாறும், ஆல் டெரெய்ன் பட்டன்ல ஒவ்வொரு கட்டையும் ஒரு முனை உயர்ந்து மறு முனை தாழ்ந்து தேயும்ல, அது சரியாகும். பக்கவாட்டுல சுத்தற திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்னா குறுக்கால மாத்தக் கூடாது, அதே பக்கத்துல முன்ன பின்ன மட்டும். ஸ்டெப்னியும் அதே சைஸ் அதே டயரா இருந்தா அதையும் சுத்துல சேத்துடுங்க, அஞ்சு பேர் வேலைய பங்கு போட்டா ஒவ்வொருத்தரும் அஞ்சுல ஒரு பங்கு லீவு. மாத்தின கையோட காத்த அந்தந்த இடத்துக்கு ஏத்த மாதிரி திருத்துங்க, இத மறக்கறவங்கதான் அதிகம். வீல் நட்ட டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கிட்டு, 100 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவ பாத்துடுங்க.

ஆனா உங்க விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, இத சாதாரணமா யாரும் சொல்ல மாட்டாங்க. முன் டயர் உள் ஓரம் தேஞ்சிருக்கு, ரொட்டேஷன் பண்ணாலும் அந்த ஓரம் உள்ளதான் இருக்கும். இடத்த எங்க மாத்தினாலும் சரி, ரிம்மோட முகம் வெளிய பாத்துத்தானே மாட்டறோம். உள்ள இருக்கறது வெளிய வரணும்னா டயர ரிம்ல இருந்து கழட்டி திருப்பி மாட்டி பேலன்சிங் பண்ணணும். அம்புக்குறியும் இல்லாம, இந்தப் பக்கம் வெளியன்னு எழுத்தும் இல்லாத டயருக்குத்தான் அது ஆகும், ஆல் டெரெய்ன்ல நெறைய அப்படித்தான் வருது. உங்க முன் டயர் ரெண்டுக்கும் அத பண்ணச் சொல்றேன்.

மழைன்னா ஃபோர் வீல் போடற பழக்கம். உங்க வண்டி மாதிரி பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர்ல முன் தண்டும் பின் தண்டும் ஒண்ணா பூட்டிக்கும், வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்த விட கூட தூரம் போகணும், ஆனா பூட்டி வச்சதால போக முடியாது, அந்த வித்தியாசத்த எங்கயாவது தீக்கணுமே, டயர் ரோட்டுல சறுக்கித்தான் தீக்கும். சேறு, மணல், ஜல்லியில அது சுலபமா சறுக்கும், ஒண்ணும் ஆகாது. தார் ரோட்டுல பட்டனும் தேயும், கியர் பெட்டிக்கும் கஷ்டம். நல்ல தார் ரோடு லேசா நனைஞ்சதுக்கெல்லாம் அது வேண்டாம், நெசமாவே வழுக்குதுன்னா மட்டும் போடுங்க, காஞ்ச இடம் வந்ததும் எடுத்துடுங்க. பின் டிஃப் லாக்கும் (பின் சக்கரம் ரெண்டையும் ஒண்ணா பூட்டறது) அதே கதைதான்.

ஓட்டுற விதம் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட முடியல. டீசல் இஞ்சினுக்கு கீழயே இழுவை இருக்கு, பின்னாடி வெயிட்டு இல்ல, சிக்னல்ல ஆக்சிலேட்டர் அழுத்தினா சத்தம் வராட்டியும் பின் சக்கரம் லேசா வழுக்கிட்டுத்தான் கிளம்பும். வளைவுல டயர பக்கவாட்டுல தள்ற விசை வேகத்தோட இருமடிக்கு ஏறும், 40ல எடுக்கற வளைவ 60ல எடுத்தா விசை ரெண்டேகால் மடங்கு. ஒரே வண்டி, ஒரே டயர், ரெண்டு டிரைவர், ஒருத்தருக்கு பாதிதான் ஓடுச்சுங்கற கேஸ் என் கடையிலயே பாத்திருக்கேன், ஒரே குடும்பத்துல அண்ணனும் தம்பியும், ரெண்டு பேரும் டயர் கம்பெனியத்தான் திட்டினாங்க. இன்னொண்ணு, நின்ன இடத்துலயே ஸ்டியரிங்க திருகாதீங்க, வண்டி ஒரு அடியாவது நகர்ந்துட்டே திருப்புங்க. ஜல்லி ரோட்டுக்கு போய் வந்தா பட்டன் இடுக்குல மாட்டின கல்ல ஸ்குரூ டிரைவரால நோண்டி எடுத்துடுங்க, விட்டா அது துளை போட்டுக்கிட்டே உள்ள போகும்.

இப்போ 80,000 கணக்குக்கு வருவோம். உங்க பின் டயர் நடுவுல 29,000க்கு 8 மி.மீ. போயிருக்கு, ஒரு மி.மீ.க்கு 3,600 கிலோமீட்டர் சொச்சம். ஓரம் 5 மி.மீ.தான் போயிருக்கு, மி.மீ.க்கு 5,800. அதே ரப்பர், அதே ரோடு, அதே டிரைவர், இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மொத்தமும் காத்து தின்னது. 13ல ஆரம்பிச்சு 3 மி.மீ.ல மாத்தறதா இருந்தா கையில 10 மி.மீ. இருக்கு. பல நாட்டு சட்டம் 1.6 வரைக்கும் விடுது, பட்டன் இடுக்குல இருக்கற குட்டி மேடும் அந்த அளவுலதான் நிக்கும், ஆனா மூணுக்கு கீழ போனா மழைத்தண்ணிய வெளிய தள்ற சக்தி ரொம்ப குறைஞ்சிடும், காலி பிக்கப்ல நான் அத ஏத்துக்க மாட்டேன். காத்து, அலைன்மெண்ட், ரொட்டேஷன் மூணும் ஒழுங்கா இருந்தா இதே டயர் மி.மீ.க்கு 6,000 ஓடும்னு நம்பறேன், அப்போ 60,000. ஆல் டெரெய்ன்ல 80,000 வேணும்னா மி.மீ.க்கு 8,000 வேணும், அத நான் வாக்கு குடுக்க மாட்டேன்.

80,000தான் முக்கியம், சேத்துல எறங்கறது வருஷத்துக்கு ரெண்டு தடவன்னா திரும்ப ஹைவே டயருக்கே போங்க. அதுல பட்டன் 8-9 மி.மீ.தான் இருக்கும், பாக்க ஏமாத்தமா இருக்கும், ஆனா கட்டை பெருசு, இடைவெளி கம்மி, நெளியாது, மி.மீ.க்கு கூட தூரம் குடுக்கும், உங்க பழைய டயரே அத நிரூபிச்சிருக்கு. அது எந்த காத்துல ஓடுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, நெசமா சரியா வச்சிருந்தா இன்னும் ஓடியிருக்குமோ என்னமோ. மட் டெரெய்ன் (சேத்துக்கான டயர்) பக்கம் மட்டும் போயிடாதீங்க, தார் ரோட்டுல அது பென்சில் அழிக்கற ரப்பர் மாதிரி கரையும். எந்த ஹைவே டயர் வாங்கினாலும் வெயிட் இண்டெக்ஸ் கம்பெனி டயருக்கு கீழ இருக்கக் கூடாது. சாதா டயர்ல ட்ரெட்வேர் (எவ்ளோ மெதுவா தேயும்ங்கற அளவு) 500, 600னு ஒரு நம்பர் இருக்கும், ஒரே கம்பெனியோட ரெண்டு மாடல ஒப்பிட அது உதவும், வேற வேற கம்பெனிய ஒப்பிட அத நம்பாதீங்க, நம்பர் போடறது அந்தந்த கம்பெனியேதான். எல்.டி. டயர்ல அந்த நம்பர் இருக்காது, தேடாதீங்க.

வாங்கறப்போ தயாரிச்ச தேதிய பாருங்க, டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண், 2324னு இருந்தா 2024ஆம் வருஷம் 23வது வாரம். ரொம்ப நாள் குடோன்ல கிடந்த டயர் ரப்பர் இறுகி தேயவே தேயாது, அத பாத்து ஏமாந்துடாதீங்க, பிரேக் அடிச்சா நிக்கவும் நிக்காது. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டிப் பாக்கணும், பட்டன் எவ்ளோ இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல வேண்டாம். ஸ்டெப்னிக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

கடைசியா, பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாமான்னு கேட்டீங்க. இப்போ எதுவும் வாங்காதீங்க. முதல்ல ஆட்டம் பாத்து அலைன்மெண்ட், அப்புறம் முன் டயர் ரெண்டையும் ரிம்ல திருப்பி மாட்டி குறுக்கால பின்னாடி, பின் டயர் ரெண்டும் நேரா முன்னாடி, காத்து புதுசா. இந்த மாத்தத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் ஒரு மாதிரி ஹம்முன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க, கோணலா தேஞ்ச டயர் புது இடத்துல படியறது அப்படித்தான். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ ஒவ்வொரு டயர்லயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு இடம் அளந்து பன்னெண்டு நம்பர் நோட்டுல எழுதுங்க, ஏதாவது ஒரு இடம் மட்டும் வேகமா இறங்கினா அத எழுதி அனுப்புங்க. நடுவுல 5 இருக்கற ரெண்டும் 3ஐ தொட்டதும் நாலையும் சேத்து மாத்தறதுதான் ஃபோர் பை ஃபோருக்கு நல்லது, பட்டன் உயரம் வேற வேறயா இருந்தா சுத்தளவும் வேற வேறயாகி பூட்டின தண்டுகள் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். கையில காசு ரெண்டுக்குத்தான் இருக்குன்னா அதே சைஸ் அதே மாடல்ல ரெண்டு வாங்கி பின்னாடி போடுங்க, ஈரத்துல பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும், முன்பக்கம் வழுக்கினா காலெடுத்து சமாளிக்கலாம். அப்படி கலந்து ஓடற வரைக்கும் ஃபோர் வீல் சேத்துல மட்டும்.

அப்புறம், முன் டயர திருப்பி மாட்டினா உங்க வெள்ளை எழுத்து உள்பக்கம் போயிடும். அதுக்காக கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போயிடாதீங்க, நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க.